பிகுனின் இடது முழங்கால்

பிகுன் சிவப்புச் சோடா குடிக்க மாட்டாள். சர்க்கரை ஆலை வாசலில் லாரி எடைபோடும் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவளுக்கு, வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில் யாராவது ஓட்டுநர் ஐஸ் போட்டு வாங்கி வந்து நீட்டினால், "நீங்களே குடிங்கண்ணே, எனக்கு ஆகாது" என்பாள். சர்க்கரை வியாதிபோல என்று புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். சர்க்கரை ஆலையில் உட்கார்ந்துகொண்டு சர்க்கரை ஆகாதாமே என்று கேலியும் செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள். எழுந்து சீட்டை நீட்ட வரும்போது இடது காலை மட்டும் ஒரு கணம் யோசித்துத்தான் ஊன்றுவாள். அந்தக் காலுக்கும் அந்தச் சோடாவுக்கும் கதை ஒன்றுதான். நடந்து பதினைந்து வருடமாகிறது.

அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. ஆலையின் பெண்கள் தக்ரோ அணியில் அவள்தான் அடிப்பவள். வலைக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர். கை படக்கூடாது, காலும் தலையும்தான். ஒருத்தி பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவாள். ஒருத்தி வலையோரம் பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பாள். ஒருத்தி வலைக்கு முதுகைக் காட்டி எம்பி, அந்தரத்தில் ஒரு புரளல் புரண்டு, தலைக்கு மேலே காலைக் கொண்டுபோய் அடிப்பாள். அப்படிப் புரண்டடிக்கிற பெண்கள் அந்த வட்டாரத்திலேயே நாலைந்து பேர்தான். பிகுனுக்கு இடதுகால் ஆட்டம். அடித்த காலே முதலில் தரைக்கு வரும். உடம்பின் மொத்தப் பாரத்தையும் அந்த ஒற்றைக் கால்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் லம்துவன். அணித் தலைவி, பிகுனைவிட ஐந்து வயது மூத்தவள். பதினேழு வயதில் கரும்புக் கட்டு எண்ணும் வேலைக்கு வந்து, மாலையில் களத்தோரம் வாயைப் பிளந்து நின்ற பிகுனை, "ஏ குட்டி, பாக்குறதுக்கா கால் குடுத்திருக்கான்? உள்ள வாடி" என்று இழுத்து விட்டவளே அவள்தான். ஏழு வருடம் இருவருக்கும் ஆலைக் குடியிருப்பில் ஒரே அறை, ஒட்டரிசிச் சோற்றுக்கு ஒரே மூங்கில் கூடை. லம்துவனின் இடுப்பு திரும்புவதைப் பார்த்தே பந்து எந்த உயரத்துக்கு வரும் என்று பிகுனுக்குத் தெரியும். பிகுன் மூச்சை இழுப்பதைக் கேட்டே அவள் எப்போது எம்புவாள் என்று லம்துவனுக்குத் தெரியும். தாலி கட்டியவர்களுக்குள்கூட அத்தனை ஒட்டு இருப்பதில்லை.

அந்த வருடம் வடகிழக்குக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குப் போலீஸ் அணிக்கு ஆள் பொறுக்குபவர்கள் வருகிறார்கள் என்று பேச்சு. இடதுகால்காரி ஒருத்தி வேண்டுமாம். போலீஸ் அணி என்றால் சும்மா இல்லை. ஆட்டம் ஓய்ந்த பிறகும் சாகும்வரை அரசாங்கச் சம்பளம். பிகுனின் அப்பா ஐம்பத்தெட்டு வயதிலும் அடுத்தவன் வயலில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார். தன் ஒரு கால் ஏறினால் வீடே ஏறிவிடும் என்று பிகுனுக்குத் தெரியும். தூக்கத்தில்கூடப் புரண்டடித்துக்கொண்டிருந்தாள்.

பயிற்சி கொடுப்பவர் க்ரூ தனோங். க்ரூ என்றால் அங்கே வாத்தியார். ஒரு காலத்தில் ஆண்கள் அணியில் அடித்தவர். ஆண்களுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே பெண்களுக்கும் சொல்லிக்கொடுப்பார், எழுத்து மாறாமல். அவர் கண்டுபிடித்து வைத்திருந்த அழகு ஒன்று உண்டு: புரண்டடித்துவிட்டுத் தரைக்கு வருபவன் ஒற்றைக் காலில் நெட்டக்குத்தலாக, நட்ட கம்பம்போல் நிற்க வேண்டும். கூட்டம் விசிலடிக்கும். யாராவது பெண் முட்டியை மடக்கி இறங்கிவிட்டால் போதும், "தவளைக்கு எதுக்குடி தக்ரோ? குளத்துக்குப் போ!" என்று கிடங்கு அதிரக் கத்துவார். ஆலை ஓடாத மழை மாதங்களில் காலியான சர்க்கரைக் கிடங்கில்தான் பயிற்சி. சிமென்ட் தரை. மேலே ஒரு ரப்பர் விரிப்பு, அதுவும் ஓரம் பிய்ந்தது.

ஜூன் மாதம் நாம்ஃபொன் என்ற பெண் வந்தாள். எங்கோ உடற்பயிற்சிப் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவள். ஓரடி உயர மரப்பெட்டி ஒன்று, கேமரா இரண்டு, ஒரு டப்பா நிறைய வெள்ளைப் பொட்டு. ஆடுகிறவர்களின் இடுப்பிலும் முழங்காலிலும் கணுக்காலிலும் பொட்டை ஒட்டி, பெட்டி மேல் நிற்கவைத்து, "கீழ எறங்கி, எறங்கின வேகத்துலயே மேல எம்புங்க. அவ்வளவுதான்" என்றாள்.

"இவ்வளவுக்கா படிப்பு? எங்க வீட்டுக் கோழி தெனம் பண்ணுது" என்றான் ஆண்கள் அணியில் ஒருவன்.

"அந்தக் கோழியையும் கூட்டிட்டு வாங்க, பொட்டு மிச்சம் இருக்கு" என்றாள் நாம்ஃபொன்.

முதலில் ஆண்கள் இறங்கினார்கள். முட்டி மடிந்து, இடுப்பு பின்னால் போய், பூனைபோல் இறங்கினார்கள். நெட்டக்குத்தலாக நிற்கிற அழகெல்லாம் அவர்களுக்குக் கடைசி நொடியில் போட்டுக்கொள்கிற வேஷம்தான் என்பது கேமராவில்தான் தெரிந்தது. அடியை முதலில் மடிந்து வாங்கிவிட்டுப் பிறகே நிமிர்ந்தார்கள். பிறகு பெண்கள். ஒருத்தி விடாமல் நெட்டுக்கு இறங்கினார்கள். இறங்கிய கணத்தில் முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாய்ந்து ஒன்றையொன்று விசாரித்தன. சின்னத் திரையில் அதை மெதுவாக ஓட்டிக் காட்டியபோது பெண்களுக்கே வெட்கமாகப் போயிற்று.

"சின்ன வயசுலேர்ந்து முட்டியச் சேத்து உக்காரு, சேத்து உக்காருன்னு எங்கம்மா அடிச்சு வளத்தா. அதான் அந்தரத்துலேர்ந்து வந்தாலும் சேருது" என்றாள் ஜிப். ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் சின்னவள் அவள்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

நாம்ஃபொன்னும் சிரித்தாள். "உக்காந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லடி. வயசுக்கு வந்த பொறவு பொம்பளைக்கு இடுப்பு அகலமாயிடுது, தொடை கொஞ்சம் சாய்ஞ்சுதான் முட்டிக்கு வருது. அது ஒண்ணு. இன்னொண்ணு, எறங்கும்போது நாம முன்தொடை சதையாலதான் பிரேக் போடுறோம். பின்தொடை சதை அசந்துட்டு லேட்டா வருது. ஆம்பளைங்களுக்கு ரெண்டும் ஒண்ணாப் புடிக்குது. நமக்கு அந்த அடியெல்லாம் முட்டிக்குள்ள இருக்கிற ஜவ்வு தலையில. அதனாலதான் ஒரே ஆட்டம், ஒரே தரை, ஆம்பளைக்கு ஒரு ஜவ்வு அறுந்தா பொம்பளைக்கு ரெண்டு மூணு அறுது."

"அப்ப பொம்பள எம்பவே கூடாதுங்கறியா?" என்றார் க்ரூ தனோங். குரலில் இளக்காரம்.

"எம்பட்டும் க்ரூ. எறங்கக் கத்துக்கிட்டு எம்பட்டும். இது தலையெழுத்து இல்ல, பழக்கம். வாரத்துக்கு மூணு நாளு, பதினஞ்சு நிமிஷம். ஆறு வாரத்துல மாத்திடலாம்."

பிகுனை மட்டும் ஒற்றைக் காலில் நாலு தடவை இறங்கச் சொன்னாள். நாலாவது தடவையைக் கேமராவில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, மோசமா?"

"அளந்து பாத்துட்டு எழுதி அனுப்புறேன். ஒவ்வொருத்தருக்கும் என்ன பண்ணணும்னு தனித்தனியா எழுதி உங்க தலைவிக்கு அனுப்பிடுறேன்" என்றாள் நாம்ஃபொன். மறு மாதம் அவள் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டாள். பெண்கள் அணிக்கு எது வந்தாலும் தலைவி கைக்கு வருவதுதான் ஆலை வழக்கம். காலுறை வந்தாலும் சரி, காகிதம் வந்தாலும் சரி.

ஜூலை முதல் வாரம் பழுப்பு உறை வந்தது. லம்துவன் அதைக் கிடங்குக்குக் கொண்டு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பிகுன்தான் கேட்டாள்.

"அக்கா, அந்தப் பொட்டுக்காரி எழுதி அனுப்பிட்டாளாமே? அலுவலகத்துல சொன்னாங்க."

லம்துவன் பப்பாளிக்காய்ப் பச்சடியைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வந்துச்சு. எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்காம்."

"என் முட்டி?"

"உன் முட்டிக்கென்னடி. யானை ஏறினாலும் தாங்கும்."

பிகுன் நம்பினாள். ஏழு வருடமாக லம்துவனின் கால் தூக்கிவிட்ட பந்தை நம்பித்தான் அவள் கண்ணை மூடிக்கொண்டு எம்பினாள். அந்த வாய் சொன்னதை நம்பாமல் இருக்க என்ன காரணம்? அன்று மாலையே பதினெட்டுத் தடவை புரண்டடித்து, பதினெட்டுத் தடவையும் இடதுகாலில் கம்பம்போல் இறங்கினாள். க்ரூ கைதட்டினார்.

அதற்குப் பிறகுதான் லம்துவனின் அன்பு ஒரேயடியாகப் பொங்கியது. இரவில் தைலம் கொண்டுவந்து பிகுனின் முழங்காலுக்குத் தேய்த்து விடுவாள். பயிற்சிப் பையைத் தானே தூக்கிக்கொள்வாள். மடத்துக்குப் போய் பிக்கு மந்திரித்த வெள்ளைக் கயிறு வாங்கிவந்து, மணிக்கட்டில் கட்டவேண்டியதை முழங்காலுக்குக் கீழே கட்டினாள். "அக்கா, என்னை மணப்பொண்ணு மாதிரி பாத்துக்கிறியே" என்று பிகுன் சிரித்தாள். ஊரிலிருந்த அம்மாவிடம் தொலைபேசியில், "கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். ஆட்டை ஏன் குளிப்பாட்டுகிறார்கள் என்று ஆட்டுக்கா தெரியும்?

லம்துவனுக்கு இருபத்தொன்பது வயது, ஆடுவதற்கு அதுவே கடைசி வருடம். கோப்பை வந்தால் அவளைப் பெண்கள் அணிக்குத் துணைப் பயிற்சியாளராக நிர்வாகம் வைத்துக்கொள்ளும் என்று க்ரூ தனோங் வாக்குக் கொடுத்திருந்தார். வராவிட்டால் மறுபடியும் மூட்டை தைக்கிற பக்கம். இது எல்லாருக்கும் தெரியும். பிகுனுக்கும் தெரியும். அக்காவுக்காகவும் சேர்த்துத்தான் அவள் எம்பினாள் என்பதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

செப்டம்பரில் இறுதி ஆட்டத்துக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், வழக்கப்படி எல்லாரும் ஆலைக்குப் பின்னாலிருக்கிற தக்கியன் மரத்தடிக்குப் போனார்கள். அந்த மரத்தில் குடியிருக்கிற தாய்க்கு நேர்ந்துகொள்ளாமல் அந்தப் பக்கத்தில் ஒருவரும் பெரிய காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள். நேர்ந்துகொள்வது மனதுக்குள். நடந்துவிட்டால் திரும்பி வந்து, என்ன கேட்டேன், எது கிடைத்தது, என்ன கொண்டுவந்திருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லி நேர்த்தியைச் செலுத்த வேண்டும். சொல் பிசகினால் நேர்த்தி கழியாது. தாய் தேடிவந்து வாங்கிக்கொள்வாள். கேட்பதையும் பேராசைப்படாமல் அளந்து கேட்க வேண்டும். கொஞ்சமாகக் கேட்டால் தட்டாமல் கொடுப்பாள் என்பது நம்பிக்கை.

கோப்பை கிடைத்தால் மரத்தை ஒன்பது சுற்று ஆடிக்கொண்டே வருகிறேன் என்று பிகுன் நேர்ந்துகொண்டாள். போலீஸ் வேலையையும் சேர்த்துக் கேட்க நா வரை வந்தது. பேராசை வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் லம்துவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

இறுதி ஆட்டம் கோன்கேனில். மூன்றாவது சுற்று, இருபதுக்கு இருபது. இன்னும் இரண்டு புள்ளி தொடர்ந்து எடுத்தால் முடிந்துவிடும். மேடையில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்ததை பிகுன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். ஒரு புள்ளி எடுத்தார்கள். அடுத்த பந்தை லம்துவன் தூக்கினாள். உயரம், வழக்கத்தைவிட ஒரு சாண் கூட. பிகுன் மூச்சை இழுத்து எம்பினாள். புரண்டாள். இடதுகால் பந்தைத் தொட்டபோதே அது புள்ளிதான் என்று தெரிந்துவிட்டது. பந்து எதிர்ப்பக்கம் தரையில் விழுந்தது. அதற்கு அரை நொடி கழித்து பிகுன் இந்தப்பக்கம் தரைக்கு வந்தாள், இடதுகாலில், க்ரூ சொல்லிக்கொடுத்த அழகோடு நெட்டக்குத்தலாக. முழங்கால் உள்ளே சாய்ந்தது. காராமணிக் காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அவளுக்கு மட்டும்தான் கேட்டது. அரங்கம் முழுக்க ஆரவாரம்.

கோப்பை ஜெயித்துவிட்டது. ஜிப் குதித்துக்கொண்டிருந்தாள். க்ரூ கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பிகுனைத் தாண்டி. விழுந்து கிடந்தவளுக்கு வாயைத் திறந்து கத்தக்கூட முடியவில்லை. முதலில் வந்தவள் லம்துவன். வந்தவள் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. நேரே இடது முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஐயோ, போச்சா? போச்சாடி?" என்று அழுதாள். அந்த அழுகையில் பிகுனின் நெஞ்சு இளகிப்போனது. எவ்வளவு பாசம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

முழங்காலுக்குள் முன்பக்க ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், ஒரு வருடம் களத்தை மறந்துவிட வேண்டும், பிறகும் புரண்டடிக்கிறதை நினைக்காமல் இருப்பது நல்லது. போலீஸ் அணிக்கு உபோன் பக்கத்துப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொண்டார்கள். பிகுன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும் என்றுதான் சொன்னாள். விதி என்று எண்ணிக்கொண்டாள். விதியோடு சண்டை போட முடியாது அல்லவா? அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அடுத்த மாதம் பறித்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் நேர்த்தி செலுத்த அணியே மரத்தடிக்குப் போனது. காலை பத்து மணி. பிகுன் ஊன்றுகட்டையோடு வந்தாள். ஒன்பது சுற்று ஆட முடியாததற்குத் தாயிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஆடுவதற்குப் பதிலாக, அந்தத் தாய்க்கு வழக்கமாகப் படைக்கிற சிவப்புச் சோடா ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். லம்துவனோ ஒரு சின்ன லாரியே பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். தொண்ணூற்றொன்பது பாட்டில், ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழல் செருகி, வரிசை வரிசையாக.

"அடேயப்பா, அப்படி என்னக்கா கேட்ட?" என்று ஜிப் வாயில் கைவைத்தாள்.

மரத்தடியைப் பார்த்துக்கொள்பவர் பூன்மா மாமா. பழைய பஸ் நடத்துநர். ஓடும் பஸ்ஸில் கத்திக் கத்திக் காது மந்தமாகிவிட்டது. அதனால் நேர்த்தி சொல்கிறவர்களுக்கு ஒலிபெருக்கி வைத்திருந்தார். நேர்த்தியைக் காதால் கேட்டு உறுதி செய்யாமல் ஊதுபத்தி கொடுக்கமாட்டார்.

ஜிப் சொன்னாள், க்ரூ சொன்னார், பிகுன் சொன்னாள். கோப்பை கேட்டேன், கிடைத்தது. அடுத்து லம்துவன். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கியவள் திரும்பி பிகுனைப் பார்த்தாள். பிறகு வாய்க்குள்ளேயே என்னவோ முனகினாள்.

"கேக்கல தாயி. எனக்கே கேக்கல, மரத்துக்கு எப்படிக் கேக்கும்?" என்றார் பூன்மா மாமா.

"கோப்பை கேட்டேன், மாமா."

"முனகினது கோப்பைன்னு இல்லையே. உதடு வேற சொல்லுச்சு. நடத்துநர் வேலை பாத்தவன், உதட்டப் பாத்தே எந்த ஊருக்கு டிக்கெட்டுன்னு சொல்லுவேன். கேட்டதை மாத்திச் சொல்லாத தாயி, கழியாது. கேடு உங்க அப்பன் ஆத்தாளுக்குத்தான் வரும்."

லம்துவனின் முகம் வெளுத்துப் போய்விட்டது. அவள் பிகுனுக்குப் பயப்படவில்லை. அவ்வளவு நாளும் பயப்படவே இல்லை. மரத்துக்குப் பயந்தாள். ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனாள். அது கொரகொரத்தது.

"தாயே, நான் லம்துவன். பிகுனோட இடது முட்டி... கோப்பை முடியிற வரைக்கும் அறாம தாங்கணும்னு கேட்டேன். கடைசிப் புள்ளி வரைக்கும் தாங்குச்சு. தொண்ணூத்தொன்பது பாட்டில் கொண்டாந்திருக்கேன். ஏத்துக்க தாயே."

ஒலிபெருக்கி அதைக் கரும்புத் தோட்டம் வரை கொண்டுபோனது. பூன்மா மாமா திருப்தியாகத் தலையாட்டி ஊதுபத்தியைக் கொளுத்தினார். அவருக்கு அது சரியாகச் சொன்ன நேர்த்தி, அவ்வளவுதான்.

பிகுனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் புரிந்தது. தைலம். வெள்ளைக் கயிறு. பையைத் தூக்கினது. கேட்காமலே இடது முழங்காலைப் பிடித்தது.

"இடதுன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள். சத்தமே போடவில்லை.

லம்துவன் ஒலிபெருக்கியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொட்டுக்காரி எழுதியிருந்தாளா?"

"க்ரூதான்... கோப்பை முடியட்டும்னு..." என்று லம்துவன் தொடங்கினாள். க்ரூ தனோங் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நேரம் ஒரு மனிதர் செருப்பைப் பார்த்ததை யாரும் அதற்கு முன் கண்டதில்லை. லம்துவன்தான் தொடர்ந்தாள்: "உன்னை ஆறு வாரம் எம்பவிடாதீங்கன்னு எழுதியிருந்தாடி. எறங்கப் பழக்கிட்டுத்தான் எம்பவிடணுமாம். உன் பேருக்கு நேரா சிவப்பு மையில கோடு போட்டு... சொன்னா நீ ஆடமாட்டேன்னு பயந்தோம்."

"இறுதி ஆட்டத்துக்கு எத்தனை வாரம் இருந்துச்சு?"

"ஒன்பது."

"ஒன்பது" என்றாள் பிகுன். "அதுல ஆறு போனா மூணு. தகுதிச் சுத்துல ஒரே ஒரு ஆட்டம்தானே நான் இல்லாம ஆடணும்? அதையும் அந்தக் கத்துக்குட்டிங்களைத்தானே எதிர்த்து ஆடினோம்? நான் குந்தி எறங்கப் பழகிட்டு வந்து உனக்குக் கோப்பையும் வாங்கிக் குடுத்திருப்பேனேக்கா. யானை ஏறினாலும் தாங்கும்னு சொன்னியே. அந்த வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே."

லம்துவன் மண்டியிட்டு பிகுனின் காலைப் பிடிக்க வந்தாள். பிகுன் ஊன்றுகட்டையை இடையில் வைத்துத் தடுத்தாள்.

"அதுகூடப் போகட்டும். மனுஷிக்கு ஆசை வரும், பயம் வரும். தாய்கிட்டப் போய் என் முட்டிக்காகக் கேட்ட பாரு... கேட்டதுதான் கேட்ட, தொண்ணூத்தொன்பது பாட்டில் வேற நேந்துக்கிட்ட. கோப்பை முடியிற வரைக்கும்னு ஏன் கேட்ட? இன்னும் ஒரு பத்து வருஷம் சேத்துக் கேட்டிருக்கக் கூடாதா? எனக்காக ஒரே ஒரு நாள்? ஆட்டம் முடிஞ்ச மறுநாள் வரைக்கும்னு?"

லம்துவன் தேம்பினாள். தேம்பலுக்கு நடுவே அவள் சொன்னது உண்மை என்பதுதான் கொடுமை. "நெறையக் கேட்டா தாய் குடுக்கமாட்டாளோன்னு பயமா இருந்துச்சுடி."

படைத்த சோடாவை எல்லாரும் பகிர்ந்து குடிப்பது வழக்கம். ஜிப் விவரம் புரியாமல் பழக்கதோஷத்தில் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து பிகுனிடம் நீட்டிவிட்டாள். பிகுன் அதை வாங்கி, சிவப்புத் தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்தாள். அடிமரத்து வேரில் ஊற்றினாள். எறும்பு வந்தது. ஊன்றுகட்டையை ஊன்றிக்கொண்டு ஒருத்தர் துணையும் இல்லாமல் ஆலை வரைக்கும் நடந்தே போனாள். அன்று மாலைக்குள் தன் பாயையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வேறு அறைக்கு மாறிவிட்டாள்.

பழுப்பு உறையை லம்துவன் மறுநாள் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தாள். சிவப்புக் கோடு உண்மைதான். கீழே நாம்ஃபொன் தன் கையெழுத்தில் எழுதியிருந்தாள்: 'இந்தப் பெண் நன்றாக எம்புகிறாள். இறங்க மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை. தயவுசெய்து இவளிடம் சொல்லுங்கள்.' பயிற்சிப் படங்கள் நான்கு பக்கம் இருக்க வேண்டும். அவற்றை மட்டும் லம்துவன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஏன் எடுத்துக்கொண்டாள் என்பது அடுத்த ஆட்டப் பருவத்தில் தெரிந்தது. துணைப் பயிற்சியாளர் லம்துவன் அந்த நான்கு பக்கத்தையும் கிடங்குச் சுவரில் ஒட்டினாள். பெண்கள் அணியில் யாராக இருந்தாலும் அதைச் செய்த பிறகுதான் பந்தைத் தொடலாம். முட்டி விரலுக்கு நேரே, இடுப்பு பின்னால், பாதம் சத்தமில்லாமல். தவளை என்று கத்துகிறவர்களை வெளியே போகச் சொன்னாள், க்ரூ தனோங்கையும்தான். இந்தப் பதினைந்து வருடத்தில் அந்த அணியில் ஒரு பெண்ணுக்கும் ஜவ்வு அறுந்ததில்லை. வேறு மாகாணத்திலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இப்போது அவள் க்ரூ லம்துவன்.

பிகுனுக்கு நிர்வாகம் எடைக்கூண்டு வேலை கொடுத்தது. உட்கார்ந்து செய்கிற வேலை. கூண்டின் ஜன்னலுக்கு நேர் எதிரே கிடங்கின் வாசல். இப்போதெல்லாம் கரும்புப் பருவத்திலும் கிடங்கில் ஒரு மூலையைப் பெண்கள் அணிக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். லாரிகள் வரிசைகட்டி நிற்கும்போது ஓட்டுநர்கள் இறங்கி அந்தப் பக்கம் வேடிக்கை பார்ப்பார்கள்.

"க்ரூ லம்துவன் கெட்டிக்காரிதான். புள்ளைங்க முட்டியக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிறா. ஒரு புள்ளைக்கும் போகலியாமே?" என்பான் ஒருவன்.

"ஆமாண்ணே. ஒண்ணு போனது போதும்னு விட்டுட்டாங்க" என்பாள் பிகுன், சீட்டில் எடையை எழுதிக்கொண்டே. அவனுக்குப் புரியாது.

எதிரே பெண்கள் பெட்டியிலிருந்து இறங்குவார்கள். முழங்கால் மடியும், நேரே நிற்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று லம்துவனின் குரல் எண்ணும். ஜன்னல் பக்கம் அந்தக் குரல்காரி திரும்பமாட்டாள். அது முடிகிற வரை பிகுன் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். எத்தனையோ நாள் பார்த்தாயிற்று. ஒருநாளும் கூடியதில்லை, குறைந்ததில்லை. பதினைந்தே நிமிடம். ஒரு லாரிக் கரும்பை எடைபோட்டுச் சீட்டுக் கொடுத்து அனுப்ப அதைவிட அதிக நேரமாகிறது.